கொசு வரும் ஓட்டையை அடைக்கலாமா? அடுப்புக் கடைக்காரரின் கேள்வி-பதில்

காரைக்குடியில் முப்பத்தொரு வருஷமாக கேஸ் அடுப்பு ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். இந்தப் பகுதிக்கு வழக்கமாக வரும் கேள்விகள் இரண்டுதான்: சிலிண்டர் ஏன் சீக்கிரம் தீர்கிறது, பர்னர் ஏன் சத்தம் போடுகிறது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வேனைப் பற்றியவை. பழைய வேனை வாங்கி, கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் வைத்து, போகிற இடத்திலேயே குடித்தனம் நடத்தும் ஆசை நம் பக்கமும் வந்துவிட்டது போலிருக்கிறது. சரி, எல்லாவற்றையும் ஒரே பந்தியில் பரிமாறிவிடுகிறேன்.

? பழைய டூரிஸ்ட் வேன் ஒன்றைக் கரூரில் பாடி கட்டும் இடத்தில் கொடுத்து மோட்டார் ஹோமாக மாற்றியிருக்கிறேன். தைப்பூசத்துக்கு எங்கள் வீட்டார் பழனிக்கு நடக்கும்போது, நடக்க முடியாத ஆத்தாவை வேனில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போவதாக ஏற்பாடு. அடுப்புக்குக் கீழே தரையில் ஒரு ஓட்டை, கூரையில் ஒரு ஓட்டை போட்டு வலை அடித்திருக்கிறார்கள். இரண்டையும் மூட வழியே வைக்கவில்லை. கீழே தூசி, மேலே கொசு. தெர்மாகோல் வைத்து அடைத்துவிடலாமா? ஜன்னல்தான் ஆறு இருக்கிறதே!
(வாசகர், தேவகோட்டை)

அடைக்காதீர்கள் அண்ணே. அந்த வேலையைச் செய்த ஆளுக்கு என் சார்பில் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். மூட வழி வைக்காமல் விட்டதுதான் அவர் செய்ததிலேயே நல்ல வேலை. ஆறு ஜன்னல் இருந்தாலும் அவற்றைத் திறப்பதும் மூடுவதும் உங்கள் கையில் இருக்கிறது. நத்தம் தாண்டி ஏதோ ஒரு தோப்பில் வண்டியை நிறுத்தியிருப்பீர்கள். பனி இறங்கும். ஆத்தா "குளிருதப்பா" என்று ஒரு வார்த்தை சொன்னால் ஆறையும் நீங்களே இழுத்து மூடிவிடுவீர்கள். அந்த நேரத்துக்காகத்தான் அந்த ஓட்டைகள்.

கீழே ஒன்று, மேலே ஒன்று ஏன் என்றால், அவை இரண்டு வேறு வேறு சமாச்சாரங்களுக்கானவை. எரியாத கேஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். கசிந்தால் தண்ணீர் மாதிரி வழிந்து தரையில் தேங்கும். அது வெளியே இறங்குவதற்குத்தான் கீழ் ஓட்டை. எரிந்த கேஸின் புகை சூடாக இருப்பதால் மேலே ஏறும். அதற்குக் கூரை ஓட்டை. புகை மேலே போகப் போக, கீழ் ஓட்டை வழியாகப் புதுக் காற்று உள்ளே வரும். ஒன்றை அடைத்தாலும் மற்றது பாதி வேலைதான் செய்யும்.

கசியும் கேஸுக்காவது வாடை உண்டு. மெர்காப்டன் என்ற மருந்தைக் கலந்து வேண்டுமென்றே நாற வைத்திருக்கிறார்கள். அரைகுறையாக எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடை இல்லை, நிறம் இல்லை, கண் எரிச்சல்கூட இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இது உட்கார்ந்துகொள்ளும். ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டும். லேசில் எழுந்திருக்காது.

கானாடுகாத்தான் பழைய வீடுகளில் அடுப்படி வீட்டின் பின்கோடியில் இருக்கும். நடுவில் வளவு என்கிற திறந்த முற்றம், அதற்கு மேலே வானம். அங்கே விறகு ஈரமாக இருந்து புகைந்தாலும் கண்தான் கலங்கும். உங்கள் வேனைக் கொஞ்சம் கணக்குப் போடுவோம். நீளம் 4 மீட்டர், அகலம் 1.8, உயரம் 1.8 என்றால் உள்ளே இருப்பது 13 கன மீட்டர் காற்று. ஒரு கிலோ கேஸ் ஒழுங்காக எரிவதற்கே ஏறக்குறைய அவ்வளவு காற்று வேண்டும். காற்றில் 21 சதவீதம் இருக்கும் ஆக்சிஜன் 18-க்கு வந்தாலே சுடர் கெட ஆரம்பித்துவிடும். பெரிய பர்னர் மணிக்குச் சுமார் 200 கிராம் எரிக்கும். எல்லாவற்றையும் அடைத்துவிட்டு அதை ஏற்றினால், முக்கால் மணி நேரத்தில் அந்த நிலை வந்துவிடும். உள்ளே நாலு பேர் மூச்சு விடுவதை நான் சேர்க்கவில்லை. இட்லி இரண்டு ஈடு, சாம்பார், ஆத்தாவுக்கு வெந்நீர் என்று வைத்தால் முக்கால் மணி நேரம் எந்த மூலைக்கு?

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. பன்னிரண்டு பதிமூன்று வருஷம் முன்னால் இதே பழனி வழியில், சிங்கம்புணரி தாண்டி ஒரு ராத்திரி. வயசானவர்களை ஏற்றிய வேன் அது. அடுப்புக்கு ஆள் வேண்டும் என்று என்னைக் கூட்டிப் போயிருந்தார்கள். தூறல் என்பதால் அடுப்பை வேனுக்குள் நடைபாதையிலேயே வைத்து, கால் ஒத்தடத்துக்கு ஒரு பெரிய அலுமினிய அண்டாவில் தண்ணீர் ஏற்றினேன். அண்டா பர்னரை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. முதலில் நீலமாக எரிந்த சுடர், கொஞ்ச நேரத்தில் அண்டாவின் ஓரமாக மஞ்சள் நாக்கு நீட்டியது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, தண்ணீர் கொதிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் தலை கனத்தது. ஒருவர் வாந்தி எடுத்தார். மதியம் சாப்பிட்ட தயிர்ச்சோறு சரியில்லை என்றார் இன்னொருவர். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஒன்பது பேரில் ஆறு பேருக்கு ஒரே நேரத்தில், காய்ச்சல் எதுவும் இல்லாமல், தயிர்ச்சோறு எப்படி வேலை காட்டும் என்று கேட்கத் தோன்றவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கவேண்டிய மூளைதான் முதலில் மங்குகிறது. ஒன்றுக்குப் போக எழுந்த பையன் கதவைத் திறந்து, படியில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டான். அவனைத் தூக்கப் போனபோது குளிர்காற்று முகத்தில் அடித்தது. ஐந்து நிமிஷத்தில் எனக்கே விளங்கிவிட்டது. காலையில் அண்டாவைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு கரி. ஊரெல்லாம் ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று உபதேசம் பண்ணிக்கொண்டிருந்த மெக்கானிக்கின் லட்சணம் அது.

பெரிய பாத்திரத்தை வைத்தால் சுடருக்குப் பக்கவாட்டுக் காற்று கிடைக்காது. குளிர்ந்த அடியில் மோதுவதால் சுடரும் பாதியிலேயே அணையும். இரண்டும் சேர்ந்தால் கார்பன் மோனாக்சைடுதான். வேனில் சின்னப் பாத்திரம் போதும். பாத்திரத்தில் கரி பிடிக்கிறது, சுடர் மஞ்சளாகிறது என்றால் அன்றைக்குச் சமையலை நிறுத்திவிட்டு பர்னரைக் கழற்றித் துடையுங்கள்.

அளவையும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் இதற்கென்று ஒரு தரக்கட்டுப்பாடு உண்டு. தரை 5 முதல் 10 சதுர மீட்டர் வரை உள்ள வண்டிக்கு மேலே 100 சதுர சென்டிமீட்டர், கீழே 15 சதுர சென்டிமீட்டர் எப்போதும் திறந்திருக்க வேண்டும். உங்கள் வேன் 7.2 சதுர மீட்டர், அந்தக் கணக்குக்குள் வருகிறது. வலையின் கம்பி அடைக்கும் இடத்தைக் கழித்துத்தான் இந்த அளவு. நெருக்கமான கொசுவலை அடித்தால் ஓட்டை பெரிதாக வேண்டும், அடிக்கடி தூசியும் அடைக்கும். பழைய பல் பிரஷ் ஒன்றை வண்டியிலேயே போட்டு வையுங்கள். கொசுவுக்குக் கட்டிலைச் சுற்றி வலை கட்டுங்கள்.

சிலிண்டருக்குத் தனிப் பெட்டி இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருக்க வேண்டும். அதன் கதவு வண்டிக்கு வெளியே திறக்கவேண்டும், உள் பக்கம் காற்றுப் புகாமல் அடைபட்டிருக்க வேண்டும், அடித்தட்டில் பத்துக்குப் பத்து சென்டிமீட்டராவது ஓட்டை வேண்டும். இன்னொன்று, வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். தரை ஓட்டைக்குப் பக்கத்தில் சைலன்சர் வாய் இருந்தால், இன்ஜின் புகையை நீங்களே குழாய் போட்டு உள்ளே விட்ட மாதிரி. அதை மாற்றச் சொல்லுங்கள். வண்டியை மாற்றி அமைத்ததற்கு ஆர்டிஓ அனுமதியும் வாங்கிவிடுங்கள்.

? வேனுக்குள் நாலடிக்கு மூன்றடியில் குளியலறை கட்டியிருக்கிறோம். அதில் சின்ன கேஸ் கீசர் மாட்டலாம் என்கிறார் இவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. யார் சொல்வது சரி?
(வாசகி, பள்ளத்தூர்)

நீங்கள் சொல்வதுதான் ஆச்சி. கடிதத்தை அவரிடம் காட்டுங்கள்.

நிமிஷத்துக்கு 6 லிட்டர் தரும் கீசர், மணிக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக கேஸ் குடிக்கும். அடுப்பின் பெரிய பர்னரைப் போல நாலைந்து மடங்கு. உங்கள் குளியலறைக்குள் மொத்தமே இரண்டு கன மீட்டர் காற்று. கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்தால், மேலே சொன்ன முக்கால் மணி நேரம் இங்கே ஒன்றரை நிமிஷமாகச் சுருங்கிவிடும். தலைக்குக் குளிக்க யாருக்கும் ஒன்றரை நிமிஷம் போதாது.

எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுவிட்டால் ஆச்சு என்பார். காற்று உள்ளே வர வழி இல்லாமல் ஃபேன் மட்டும் இழுத்தால், கீசரின் புகைக்குழாய் வழியாகவே காற்றை இழுக்கும். வெளியே போகவேண்டிய புகை திரும்பி உள்ளே வரும்.

வெளிநாட்டு மோட்டார் ஹோம்களில் வெந்நீருக்கு கேஸ் ஹீட்டர் இருக்கிறதே என்று கேட்கலாம். அது வேறு ஜாதி. எரியும் அறை முழுக்க மூடியிருக்கும். காற்றை வெளியிலிருந்து ஒரு குழாயில் எடுத்து, புகையை வெளியிலேயே விட்டுவிடும். உள்ளே இருக்கும் காற்றை அது தொடுவதே இல்லை. நம் கடைகளில் தொங்கும் சாதா கீசரை அதோடு சேர்த்துப் பேசக்கூடாது. கரண்ட் கிடைக்கும் இடத்தில் நிறுத்துவீர்கள் என்றால் மின்சார கீசர் ஒன்று மாட்டுங்கள். இல்லையென்றால் வெளியே அடுப்பு வைத்து வெந்நீர் போட்டு வாளியில் ஊற்றுங்கள். பழைய முறைதான், யாரும் மயங்கி விழுந்ததில்லை.

வீட்டில் குளியலறைக்குள் கேஸ் கீசர் வைத்திருப்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். கீசர் சுவருக்கு வெளியே இருக்கட்டும், குழாய் மட்டும் உள்ளே வரட்டும்.

? வெங்காயத்தை வெட்டி வேனின் மூலையில் வைத்தால் விஷவாயுவை இழுத்துக்கொள்ளுமாமே?
(வாசகர், புதுவயல்)

இழுக்காது. சாம்பாரில் போடுங்கள்.

? இங்கிலாந்தில் இருக்கும் மகளும் மருமகனும் மோட்டார் ஹோம் ஒன்றை வாடகைக்கு எடுத்து ஸ்காட்லாந்து சுற்றப் போகிறார்கள். போன தடவை மிளகாய் தாளிக்கும்போதெல்லாம் அலாரம் கத்தி உயிரை எடுத்ததாம். இந்தத் தடவை முதல் நாளே பாட்டரியைக் கழற்றிவிடுவேன் என்கிறாள். தப்பில்லையே?
(வாசகி, கோட்டையூர்)

தப்புதான் ஆச்சி, ஆனால் பிள்ளையைத் திட்டாதீர்கள். முதலில் எந்த அலாரம் கத்தியது என்று கேளுங்கள். அந்த வண்டிகளில் இரண்டு மூன்று பெட்டிகள் ஒட்டியிருக்கும். தாளிப்புக்குக் கத்தியது அநேகமாகப் புகை அலாரமாக இருக்கும். அது நெருப்பைக் கண்டுபிடிக்க வைத்தது. நம் மிளகாய் வற்றல் அதற்கு வீடு பற்றி எரிகிற மாதிரிதான். கூரையில் இருக்கும் காற்றுத் திறப்பை ஏற்றிவிட்டு, கதவைத் திறந்துவைத்துத் தாளிக்கச் சொல்லுங்கள்.

கார்பன் மோனாக்சைடு அலாரத்துக்கு மிளகாய் வாடை கணக்கிலேயே வராது. ஐரோப்பிய முறைப்படி செய்தது என்றால், காற்றில் பத்து லட்சத்துக்கு 50 பங்கு இருந்தால் 60 முதல் 90 நிமிஷத்துக்குள் கத்தும். 100 பங்கு என்றால் 10 முதல் 40 நிமிஷம். 300 பங்கு என்றால் 3 நிமிஷத்துக்குள். குறைந்த அளவுக்கு அது பொறுத்துப் பார்த்துத்தான் வாய் திறக்கும். ஆகவே அது கத்துகிறது என்றால் சும்மா கத்தவில்லை. அடுப்பை அணை, கதவைத் திற, எல்லாரும் வெளியே போ, அப்புறம் போனை எடு. இந்த வரிசையில்தான்.

பெட்டியின் பின்னால் EN என்று ஆரம்பிக்கும் எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள். 50291-2 என்று இருந்தால் வண்டிக்கும் படகுக்கும் என்றே சோதித்தது. 50291-1 என்று மட்டும் இருந்தால் வீட்டுக்கானது, வண்டியின் குலுக்கலுக்கு என்று சோதிக்கப்படாதது. கூடவே காலாவதி வருஷம் இருக்கும். உள்ளே இருக்கும் சென்சார் ஐந்து முதல் பத்து வருஷத்தில் தீர்ந்துபோகும். பட்டனை அமுக்கினால் 'பீப்' என்று வருகிறதே என்று நம்பக்கூடாது. பட்டன் காட்டுவது பாட்டரியும் ஸ்பீக்கரும் உயிரோடு இருப்பதை மட்டும்தான். (இங்கே ஆன்லைனில் வாங்கி வேனில் மாட்டுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: கேஸ் கசிவு அலாரம் தரைப் பக்கம், கார்பன் மோனாக்சைடு அலாரம் படுத்தால் தலை இருக்கும் உயரத்தில், அடுப்பிலிருந்து 1 முதல் 3 மீட்டர் தள்ளி. இரண்டையும் இடம் மாற்றி மாட்டிய வேன் ஒன்று போன மாதம்தான் கடைக்கு வந்தது. மாட்டியவர் இன்ஜினியர்.)

இன்னொன்றும் மகளிடம் சொல்லிவையுங்கள். ஸ்காட்லாந்தில் ராத்திரி குளிரும். குளிருக்கு அடுப்பை எரியவிட்டுத் தூங்கக்கூடாது. மழைக்கு பார்பெக்யூ கரி அடுப்பை உள்ளே எடுத்து வைக்கக்கூடாது, நெருப்பு அணைந்த மாதிரி தெரிந்தாலும்கூட. சாம்பலுக்குள் கனல் இருக்கும்வரை அது வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும்.

? கோயில் சுற்றுலாக்களுக்குச் சமையல் எடுத்துச் செய்கிறேன். 19 கிலோ சிலிண்டரை வேனில் படுக்க வைத்தால் உருளாமல் இருக்கிறது. வழியில் ஓடும்போதே டீ போட்டுவிடுவோம். வேறு என்ன கவனிக்க வேண்டும்?
(சமையல் மாஸ்டர், காரைக்குடி)

மாஸ்டர், நீங்கள் கவனிக்கவேண்டியது இந்த இரண்டையும்தான். படுக்க வைத்த சிலிண்டரில் வாயுவுக்குப் பதிலாக திரவமே ரெகுலேட்டருக்கு வரும். அது சுடராக வந்தால் கூரை உயரத்துக்கு வரும். நிறுத்தி வைத்து, பெல்ட் போட்டுக் கட்டுங்கள். ஓடும் வண்டியில் வால்வு மூடியிருக்க வேண்டும், டீ கடையில் குடிக்கலாம். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்ற சுற்றுலா ரயில் பெட்டிக்குள் கேஸ் அடுப்பு பற்றவைத்து ஒன்பது பேர் போனார்கள். அது நின்ற வண்டி.

? நம் ஊரில் ஷூட்டிங் நடக்கும்போது கேரவன் ஓட்டுகிறேன். ராத்திரி உள்ளேயே ஏசி போட்டுத் தூங்குவேன். ஜெனரேட்டர் வண்டிக்கு அடியில்தான் இருக்கிறது, உள்ளே அடுப்பே கிடையாது. எனக்கும் இந்தப் பயம் உண்டா?
(வாசகர், குன்றக்குடி)

தம்பி, இந்த மாதக் கடிதங்களில் எனக்கு அதிகம் கவலை தந்தது உன்னுடையதுதான். 2024 டிசம்பரில் கேரளத்தில் வடகரைப் பக்கம் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரின் புகை தரை வழியாக உள்ளே ஏறியதுதான் காரணம் என்று பிறகு ஆய்வில் தெரிந்தது. நீ செய்வதும் அதே ஏற்பாடு.

ஏசி ஓடுகிறது, அதனால் நல்ல காற்று வருகிறது என்று நினைக்காதே. பெரும்பாலான ஏசி உள்ளே இருக்கும் காற்றையேதான் சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கும். வெளிக்காற்றை எடுக்காது. ஜெனரேட்டருக்குக் கேபிள் போன ஓட்டை, தண்ணீர்க் குழாய் போன ஓட்டை, துருப்பிடித்து விட்டுப்போன மூலை எல்லாம் வழிதான். கேஸ் அடுப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வதை ஜெனரேட்டர் இன்ஜின் மொத்தமாகச் செய்துவிடும். அந்த ஓட்டைகளை அடைத்துவிட்டு, ஜெனரேட்டரை அணைத்துவிட்டுத் தூங்கு. ஏசி வேண்டும் என்றால் ஷூட்டிங் நடக்கும் வீட்டிலிருந்து ஒரு லைன் கேள். தனியாக எடுத்து வைக்கும் சின்ன ஜெனரேட்டராக இருந்தால் குறைந்தது 20 அடி தள்ளி, காற்று உன் பக்கம் அடிக்காத திசையில். கூடவே ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம். வாங்கித் தரமாட்டேன் என்றால் முதலாளியிடம் இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடு.

தேவகோட்டை அண்ணனுக்கு ஓட்டையை அடைக்காதே என்றேன், உன்னிடம் அடை என்கிறேன். குழம்ப வேண்டாம். அவர் வண்டியில் நெருப்பு உள்ளே எரிகிறது, உன் வண்டியில் அடியில் எரிகிறது. இரண்டும் ஒரே வண்டியில் இருந்தால் கேஸ் அடுப்பை எடுத்துவிட்டு இண்டக்‌ஷன் வைப்பதுதான் எனக்குத் தெரிந்த வழி.

? இந்த வாயு ஏறிவிட்டதா என்று தெரிந்துகொள்ள, கொரோனா நேரத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிப் பார்த்தால் போதுமா?
(வாசகர், கானாடுகாத்தான்)

போதாது, அது ஆளை ஏமாற்றும். விரலில் மாட்டும் கருவி ரத்தத்தின் சிவப்பை வைத்துத்தான் எண் சொல்கிறது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தமும் அதன் கண்ணுக்கு ஆக்சிஜன் ஏறிய ரத்தம் மாதிரியே தெரியும். ஆள் மயங்கிக்கொண்டிருக்கும்போது அது 98 என்று காட்டும்.

அறிகுறிதான் நம்பத் தகுந்தது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கால் துவளுதல். ஒரே இடத்தில் இருந்த எல்லாருக்கும் சேர்ந்தாற்போல் வரும், வெளியே வந்ததும் லேசாகும், காய்ச்சல் இருக்காது. அப்படி ஒன்று நடந்தால் வெளியே தூக்கி வந்துவிட்டு 108-ஐ அழையுங்கள். சாதாரணக் காற்றில் அந்த வாயு ரத்தத்தில் பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் ஆகும். முகமூடி வைத்து முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒரு மணி, ஒன்றரை மணிக்குள் பாதியாகும். அதனால் தெளிந்துவிட்டது, பரவாயில்லை, வீட்டுக்குப் போகலாம் என்று கிளம்பாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்பதற்கு முன்னால் நீங்களே, "மூடிய வண்டிக்குள் அடுப்பு எரிந்தது" என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவரும் மதியம் சாப்பிட்ட தயிர்ச்சோற்றைப் பற்றித்தான் விசாரிப்பார்.